காப்பவன் முகம் எந்தப் பக்கம்?

(‘கதையில் ஆபத்தில் சிக்கிய நாயகியைக் காப்பது நாயகனின் வீரமே! நாயகியின் துணிவே!’ என்ற தலைப்பில் செஞ்சியில் நடந்த பட்டிமன்றத்தின் நடுவர் தீர்ப்புரை)



இரண்டு அணியும் மேடையைக் கலக்கிவிட்டார்கள். வீர அணி வாளைச் சுழற்றியது. துணிவு அணி வாயைச் சுழற்றியது. (சிரிப்பு) நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் காவல் தேவைப்பட்டது!

வீர அணித் தலைவர் ஒன்று சொன்னார். “ஒரு பெண் தனியா நிக்கிறா. இருட்டு. பின்னால காலடிச் சத்தம். அப்போ குதிரைக் குளம்பொலி கேக்குது. அந்தச் சத்தம் கேட்டதும் நமக்கு உயிர் வருதா இல்லையா?” என்றார். வருகிறது ஐயா, யார் இல்லையென்றார்கள்? நம்ம வீட்டு அம்மாக்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தொடர்கதையைக் கையில் எடுத்தால், அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் படிக்கிறார்களே, அது அந்தக் குளம்பொலிக்காகத்தான். வீட்டுக்காரர் வந்து, “என்னம்மா, பால் பொங்குதே!” என்கிறார். “சும்மா இருங்க, இங்க அவளையே கடத்திட்டான், பாலாம் பால்!” என்று பதில் வருகிறது. (சிரிப்பு, கைதட்டல்)

காதலும் மர்மமும் கலந்த கதைக்கு உலகம் முழுக்க ஒரே அமைப்புதான். ஒரு பெண், அவளுக்கு ஓர் ஆபத்து, அவளைக் காக்க ஒருவன். இந்த மூன்றும் போதும், ஆயிரம் பக்கம் ஓடும். ஆனால் படிக்கிறவர் மனத்தை உண்மையிலேயே கட்டிப்போடுவது எது? வில்லன் பிடித்துவிடுவானோ என்ற பயம் கொஞ்சம்தான். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘காக்கிறேன் என்று வந்திருக்கிறானே, இவனை நம்பலாமா?’ இதுதான் அந்தக் கதைகளின் உயிர்நாடி. வில்லனுக்குக் கொம்பு இருக்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். காவலனுக்கு என்ன அடையாளம்? அதைக் கண்டுபிடித்தால் இன்றைய தீர்ப்பு கிடைத்துவிடும்.

முதலில் மேல்நாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஆன் ராட்கிளிஃப் என்ற அம்மையார் 1794இல் ‘உடால்போவின் மர்மங்கள்’ என்று ஒரு நாவல் எழுதினார். எமிலி என்கிற பெண்ணுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அத்தை வீட்டுக்குப் போகிறாள். அத்தை மறுமணம் செய்துகொண்டவர் மோன்டோனி. முறைப்படி இப்போது எமிலிக்கு அவன்தான் பாதுகாவலன். அவன் என்ன செய்தான்? மலைமேல் இருக்கிற ஒரு கோட்டைக்குக் கொண்டுபோய் அவளை அடைத்து வைத்தான். எதற்கு? சொத்தை எழுதி வாங்க! கவனியுங்கள், அவளை அடைத்தவன் வழிப்பறிக் கொள்ளைக்காரன் இல்லை. வீட்டுக்குள் இருந்த, சட்டப்படியான பாதுகாவலன். அவளுடைய காதலன் வாலன்கோர்ட் வந்து மீட்டானா? அவன் அந்தப் பக்கமே வரவில்லை. வேலைக்காரர்கள் சிலரோடும் இன்னொரு கைதியோடும் சேர்ந்து அவளே தப்பி வருகிறாள். அன்றைக்கு அந்த நாவலைப் படித்த பெண்கள் ஏன் நடுங்கினார்கள் தெரியுமா? கோட்டையைப் பார்த்து இல்லை. ‘நம்ம வீட்டுக்குள்ளயும் ஒரு மோன்டோனி இருக்கானோ’ என்ற நினைப்பால்.

சரி, நம்ம தமிழுக்கு வருவோம். காதலும் மர்மமும் போரும் கலந்த கதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் அமரர் கல்கி. அவர் தம்முடைய ‘கல்கி’ வார இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக எழுதியது ‘சிவகாமியின் சபதம்’. இந்தக் கதையைச் செஞ்சி மண்ணில் பேசுவதற்கு எனக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதில் வருகிற மகேந்திரவர்ம பல்லவர் உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி. இங்கிருந்து விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறதே, அந்தக் குடைவரையைக் குடைவித்தவர் அவர்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று விசித்திரசித்தர் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அந்தக் குகையின் முகப்பில் இரண்டு ஓரத்திலும் இரண்டு வாயிற்காவலர் நிற்பார்கள். அவர்களை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கூப்பிடுகிறேன்.

கதைக்கு வருவோம். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி. நாட்டியத்தில் அவளுக்கு நிகர் இல்லை. மகேந்திரரின் மகன் மாமல்லர் அவளைக் காதலிக்கிறார். வாதாபிப் புலிகேசி படையெடுத்து வருகிறான். காஞ்சியை முற்றுகை இடுகிறான். (புலிகேசியும் மகேந்திரரும் மாமல்லரும் வரலாற்று மனிதர்கள், சிவகாமியும் ஆயனரும் கல்கியின் படைப்பு.)

இந்தச் சிவகாமியைக் காப்பதற்கு எத்தனை பேர் தெரியுமா? ஒரு பக்கம் மகேந்திரர். மகா புத்திசாலி. ஆனால் எதையும் யாரிடமும் சொல்லமாட்டார். அந்தப் பெண் எங்கே இருக்க வேண்டும், யாரைச் சந்திக்கலாம், யாரைச் சந்திக்கக் கூடாது, எல்லாம் அவரே திட்டம் போடுகிறார். இன்னொரு பக்கம் நாகநந்தி அடிகள். அச்சு அசல் புலிகேசியைப் போலவே இருக்கிற புத்த பிக்ஷு. சிவகாமியின் கலையைப் போற்றுகிறார். ஆயனரிடம் அஜந்தாவின் அழியாத வர்ணத்தைப் பற்றிப் பேசி ஆசையை வளர்க்கிறார். ‘உன் கலையைக் காப்பாற்றத்தான் நான் இருக்கிறேன்’ என்கிற தோரணை. கடைசியில் என்ன ஆயிற்று? சுரங்க வழியாகக் காஞ்சியை விட்டு வெளியே வந்த சிவகாமி, சளுக்க வீரர்களிடம் சிக்கி வாதாபிக்குச் சிறையாகப் போனாள்.

பார்த்தீர்களா? ஒருவர் நல்லவர், ஒருவர் பொல்லாதவர். ஆனால் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான். இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை! “அம்மா சிவகாமி, நாட்டு நிலைமை இப்படி இருக்கு, உனக்கு என்ன தோணுது?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கல்கிக்கு அத்தனை பாகம் எழுத விஷயம் இருந்திருக்காது. (சிரிப்பு)

வாதாபியில் அவளுக்கு மாளிகை கொடுத்தார்கள். ஆனால் நாற்சந்தியில் ஆட வேண்டும் என்று புலிகேசி கட்டளை போட்டான். மாட்டேன் என்றாள். உடனே சிறைப்பட்ட தமிழ் மக்களை அவள் கண்ணெதிரே சாட்டையால் அடித்தார்கள். அவர்களைக் காப்பாற்ற அவள் ஆடினாள். ஆபத்தில் இருக்கிற பெண், காக்கப்பட வேண்டிய பெண், அங்கே யாருக்குக் காவலாக நின்றாள் பாருங்கள்! துணிவு அணியினர் இந்த இடத்தைத் தொட்டார்கள். ஆனால் அதற்கு அடுத்த இடத்தை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

மாமல்லர் மாறுவேடத்தில் வாதாபிக்குள் வருகிறார். சிவகாமி கண்ணெதிரில் நிற்கிறார். ‘வா, போகலாம்’ என்கிறார். சாதாரணக் கதையாக இருந்தால் என்ன நடக்கும்? குதிரையில் ஏற்றிக்கொண்டு பறப்பார், முற்றும் போட்டுவிடலாம். சிவகாமி ‘வரமாட்டேன்’ என்கிறாள்! இந்த நகரத்தை நீங்கள் வென்று எரித்துவிட்டு, எல்லாரும் பார்க்க என் கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் வருவேன், அதுதான் என் சபதம் என்கிறாள். மாமல்லர் வாதாடுகிறார், கோபிக்கிறார். கடைசியில் அவள் இல்லாமல்தான் திரும்பிப் போகிறார்.

இது கல்கி புதிதாகக் கண்டுபிடித்த இடம் என்று நினைக்காதீர்கள். இதற்கு வேர் அசோகவனத்தில் இருக்கிறது. அனுமன் சீதையைப் பார்த்து, ‘தாயே, என் தோளில் ஏறுங்கள், கடலைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிறேன்’ என்கிறான். அவனால் முடியாதா? முடியும். சீதை மறுக்கிறாள். என் சொல்லாலேயே நான் உலகங்களைச் சுட்டுவிடுவேன், ஆனால் அது இராமனுடைய வில்லுக்கு மாசு என்கிற கருத்தைக் கம்பர் அவள் வாயில் வைக்கிறார். அனுமன் என்ன செய்தான்? ‘பொம்பளைக்கு என்ன தெரியும்’ என்று தூக்கிக்கொண்டு பறந்தானா? அவள் கொடுத்த சூடாமணியை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். கேட்டான், பதில் வந்தது, பதிலுக்குக் கட்டுப்பட்டான். அவன்தான் ஐயா காவலன்! (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். இலட்சுமணன் கோடு கிழித்தான், சீதை தாண்டினாள், அதனால்தான் வினை வந்தது என்று ஊரெல்லாம் சொல்கிறோம். வால்மீகியில் அந்தக் கோடு கிடையாது. கம்பனிலும் கிடையாது. பிற்காலத்தில் யாரோ கிழித்த கோடு அது. பெண்ணுக்குக் கோடு கிழிக்க வேண்டும் என்றால் நமக்குச் சுண்ணாம்பு எங்கிருந்தாவது கிடைத்துவிடுகிறது!

இப்போது வீர அணி ஒரு நல்ல கேள்வி கேட்டது. “அன்றைக்கே சிவகாமி போயிருந்தால் பல ஆண்டு துயரம் மிச்சம்தானே? அவள் பிடிவாதத்தால் என்ன கிடைத்தது?” நியாயமான கேள்வி. மழுப்ப விரும்பவில்லை. மாமல்லர் படை திரட்ட ஆண்டுகள் பல ஆயின. வாதாபி வீழ்ந்தது வரலாற்றில் 642இல். படை நடத்திய பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். நகரம் எரிந்தது. சபதம் நிறைவேறியது. ஆனால் சிவகாமி காஞ்சிக்குத் திரும்பி வந்தபோது மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு திருமணம் முடிந்து குழந்தைகளும் இருந்தார்கள். ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணித்துக்கொண்டாள் அவள். அவள் முடிவு அவளுக்கே இழப்பாகத்தான் முடிந்தது.

அப்படியானால் அவளைக் கேட்டது தப்பா? இங்கேதான் பெருமக்களே, நாம் எல்லாரும் வழுக்கி விழுகிற இடம். “அவ சரியா முடிவெடுத்தா கேக்கலாம், தப்பா எடுத்தா கேக்க வேண்டாம்” என்று நினைக்கிறோம். நம்ம வீட்டு ஆண்பிள்ளை எத்தனை தப்பான முடிவு எடுக்கிறான்? கடை வைக்கிறேன் என்று பணத்தைத் தொலைக்கிறான். ‘அனுபவம்’ என்கிறோம். பெண் பிள்ளை ஒரு தடவை தவறினால் ‘அதுக்குத்தான் சொன்னேன்’ என்கிறோம். சிவகாமியின் முடிவு சரியா தப்பா என்று காலமெல்லாம் விவாதிக்கலாம். ஆனால் அது அவள் எடுத்த முடிவு. அதனால்தான் அந்தப் புத்தகத்துக்குப் பெயர் ‘மாமல்லரின் வீரம்’ என்று இல்லை, ‘சிவகாமியின் சபதம்’ என்று இருக்கிறது!

செஞ்சிக்கு வந்து தேசிங்கைப் பேசாமல் போனால் இந்த மண் என்னை மன்னிக்காது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையைச் சுற்றி வளைத்த கோட்டை. 2025 ஜூலையில் மராட்டியப் போர்த்தளங்களில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோட்டை. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் சின்னப் படையோடு போனான் அந்த இளைஞன் தேஜ்சிங். நம்ம தேசிங்கு. சிங்கவரம் அரங்கநாதர் ‘போகாதே’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். கேட்கவில்லை. நட்புக்காகக் கல்யாணப் பந்தலை விட்டு ஓடி வந்த முகமதிய நண்பனும் கூடவே மடிந்தான். வீரத்தில் குறையே இல்லை. தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றைக்கும் அவன் உயிரோடு இருக்கிறான்.

ஆனால் அவனுடைய மனைவி? கணவனின் சிதையில் ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு ஊருக்கே பெயர் வைத்தார்கள், அதிலும் அவள் பெயர் இல்லை. ‘ராணி’ என்று மட்டும் இருக்கிறது. அந்த இளம்பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளுக்கு வேறு கதவே திறந்து வைக்காத காலத்தைத்தான் சொல்கிறேன். கணவனின் வாள்தான் ஒரே காவல் என்று வைத்துவிட்டால், வாள் விழுகிற அன்றைக்கு அவளும் விழ வேண்டும். இது காவல் ஆகுமா?

இதே கோட்டையில் இன்னொரு கதையும் நடந்திருக்கிறது. தேசிங்குக்கு ஒரு தலைமுறை முன்னால், சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தார். மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை முற்றுகை போட்டான். கோட்டை விழுவதற்கு முன் ராஜாராம் தப்பிப் போனார். இங்கே மதிலுக்குள் காக்கப்பட்ட அவருடைய ராணிகளில் ஒருத்தி தாராபாய். 1700இல் ராஜாராம் இறந்ததும், அந்த அம்மாள்தான் சின்னப் பிள்ளையை அரியணையில் வைத்து, ஔரங்கசீப்பின் கடைசி நாள் வரைக்கும் மராட்டியப் போரை நடத்தினாள். காக்கப்பட்டவள் நாட்டுக்கே காவல் ஆனாள். ஒரே கோட்டை, இரண்டு ராணிகள். வித்தியாசம் மதிலில் இல்லை. முடிவு யார் கையில் இருந்தது என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது மண்டகப்பட்டு வாயிற்காவலர்களைக் கூப்பிடுகிறேன். எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போங்கள். வாயிற்காவலர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்? வெளியே பார்த்து நிற்கிறார். முதுகு கருவறைப் பக்கம். உள்ளே இருக்கிற சாமி என்ன செய்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதில்லை. சிறைச்சாலைக் காவலன் எந்தப் பக்கம் பார்ப்பான்? உள்ளே பார்ப்பான். இரண்டு பேர் கையிலும் தடி. இரண்டு பேரும் வாசலில்தான் நிற்கிறார்கள். முகம் திரும்பியிருக்கிற திசை மட்டும்தான் வேறு! காவலனுக்கு அடையாளம் என்ன என்று முதலில் கேட்டேனே, இதுதான் அடையாளம். (கைதட்டல்)

நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். பொண்ணு பன்னிரண்டாவது நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. அப்பா சொல்கிறார்: “காலம் கெட்டுக் கிடக்கு, பாதுகாப்பு முக்கியம்மா.” அன்பில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பு எந்தப் பக்கம் பார்க்கிறது? பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிகிறதா, விடுதி நல்ல விடுதியா, வழியில் தொல்லை தருகிறவன் யார் என்று வெளியே பார்த்தால் காவல். “போன்ல யாரு? ஏன் சிரிச்ச?” என்று உள்ளே மட்டும் பார்த்தால் அதற்குப் பெயர் வேறு. பெண்ணைப் பூட்டி வைக்கிற காவலால் பயனில்லை, அவள் மன உறுதியே பெரிய காவல் என்ற கருத்தை வள்ளுவர் என்றைக்கோ சொல்லிவிட்டார். நமக்குத்தான் பூட்டுக் கடையை விட மனசு வரவில்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் என்ன செய்தார்கள்? எழுத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். யாராவது கொண்டுவிட வேண்டும் என்று காத்திருந்த அம்மா, தானே மிதித்துக்கொண்டு போனாள். கொண்டுபோய் விடுவதும் காவல்தான். ஓட்டக் கற்றுக்கொடுப்பது அதைவிடப் பெரிய காவல்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆபத்து வெளியே இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? மோன்டோனி வீட்டுக்குள்தானே இருந்தான்? அதற்கும் நாட்டில் வழி வந்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006இல். அதில் பாதுகாப்பு அலுவலர் என்றே ஒரு பதவி உண்டு. அடி வாங்குகிறவள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை, அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்கிறது அந்தச் சட்டம். அவளுக்காக வேறொருவர்கூடத் தகவல் சொல்லலாம். 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். தாய்மார்களே, பால் கணக்கு எழுதுகிற நோட்டில் இதையும் எழுதி வையுங்கள். குதிரைக் குளம்பொலி எல்லாருக்கும் கேட்பதில்லை. இந்த மணி ஒலிக்கும்.

வீர அணி நண்பர்களே, உங்கள் வாளை நான் குறைத்துப் பேசவில்லை. அனுமன் கடல் தாண்டியது வீரம்தான். மாமல்லர் படை எடுத்ததும் வீரம்தான். ஆனால் அந்த வீரத்துக்கு வழி காட்டியது யார்? ‘வரமாட்டேன்’ என்று சொன்ன சீதை. ‘வரமாட்டேன்’ என்று சொன்ன சிவகாமி. அவளுடைய சொல் முன்னால் போகிறது. அவனுடைய வாள் பின்னால் போகிறது. சொல் இல்லாமல் வாள் மட்டும் போனால், அது மீட்பதில்லை. ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு இடம் மாற்றுகிறது.

ஆகவே, கதையில் ஆபத்தில் சிக்கிய நாயகியைக் காப்பது அவளுடைய துணிவே, துணிவே என்று இந்த மன்றம் தீர்ப்பளிக்கிறது. நாயகனின் வீரம் வாசலில் நிற்கட்டும், வெளியே பார்த்தபடி நிற்கட்டும். உள்ளே இருப்பவளிடம் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிற்கட்டும்.

(பலத்த கைதட்டல்)